பெட்ஷீட் டாக்டர்

அந்த ஊரில் நம் ஆட்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் முதல் போன் டாக்டருக்குப் போகாது. ஊர்க்கோடியில் இருந்த பெரிய சலவை ஆலையில் அழுக்குத் துணி பிரிக்கும் ஒருவருக்குத்தான் போகும். அவரை எல்லோரும் ‘பெட்ஷீட் டாக்டர்’ என்று கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். நாளாக ஆகக் கேலி தேய்ந்து மரியாதை மட்டும் மிஞ்சியது.

பிழைக்கப் போன நாட்டில் வேலை தேடிவிடலாம், வீடு பிடித்துவிடலாம். நம்பி வயிற்றைக் காட்ட ஓர் ஆஸ்பத்திரி கிடைப்பதுதான் பெரும்பாடு. மொழி அரைகுறை. விளம்பரப் பலகையில் எல்லா டாக்டரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். இணையத்தில் போய்ப் பார்த்தால், அதே ஆஸ்பத்திரியை ஒருவர் கோயில் என்கிறார், இன்னொருவர் கசாப்புக் கடை என்கிறார். இந்தக் குழப்பத்தில், மூன்று ஆஸ்பத்திரிகளின் துணியும் தினமும் கையில் படுகிற மனிதர் ஒருவர் நம்மவராகவே இருந்தால் விடுவார்களா?

மூன்று ஆஸ்பத்திரிக்கும் மூன்று நிறத்தில் துணிப்பை: நீலம், பச்சை, மஞ்சள். ஆஸ்பத்திரிகளின் சொந்தப் பெயர்கள் வாயில் நுழையாத நீளம் என்பதால், பையின் நிறமே ஊரில் பெயராகிப் போனது. “பச்சையில பிரசவம், ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க” என்று பேசிக்கொள்வார்கள். புதிதாக வந்தவன் முழிப்பான்.

“வாசல்ல பூந்தொட்டி யார் வேணா வைக்கலாம்” என்பார் பெட்ஷீட் டாக்டர். “அழுக்குத் துணிய எப்படிக் கட்டி அனுப்பறான்னு பாரு. அங்க தெரிஞ்சுடும் லட்சணம்.”

சும்மா வாய்ச்சவடால் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதுதான். மேல் மாடியிலிருந்து சரிவுப் பாதை வழியாகப் பைகள் வந்து விழும். ரப்பர் ஏப்ரனும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு, முடிச்சை அறுத்து, ஒவ்வொரு விரிப்பாக உதறி, ஓரத்தில் அச்சடித்த ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்து, அந்தந்தக் குவியலில் போட வேண்டும். உதறும்போது பல்செட் விழும், மூக்குக்கண்ணாடி விழும். ஒருமுறை பைக்குள்ளிருந்து போன் அடித்தது. எடுத்துப் பேசியதில் ஒரு கிழவர் தன் சம்சாரம் என்று நினைத்து இவரைத் திட்டித் தீர்த்தார். வந்த இரண்டாம் வருடம் நீலப் பைக்குள் சுருட்டியிருந்த ஊசி, இரண்டு கையுறையையும் தாண்டி விரலில் ஏறியது. ஆறு மாதம் மாறி மாறி ரத்தப் பரிசோதனை. அந்த ஆறு மாதமும் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டு, வீட்டில் விருந்தாளி போல இருந்தார். கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்தது. நீலத்தை அன்றோடு தலைமுழுகினார்.

மஞ்சள், அரசாங்கத்தின் பழைய பெரிய ஆஸ்பத்திரி. அதன் பைகள் ஈரத்தில் கனக்கும், ரத்தத்தில் ஊறியிருக்கும். ஒரு பையைத் தூக்கினால் முதுகு மூன்று நாள் பேசும். பச்சையோ தனியார். பை காய்ந்திருக்கும், முடிச்சு நறுவிசாக இருக்கும், விரிப்பில் கறை என்று பார்த்தால் காப்பிக் கறைதான் இருக்கும். துவைக்காமல் திருப்பி அனுப்பினாலும் யாருக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பச்சைக்குப் போ என்பதுதான் அவருடைய மருந்துச்சீட்டு. பிரசவம், குடலிறக்கம், கண்புரை என்று போனவர்கள் எல்லாம் நல்லபடியாகத் திரும்பி வந்து கைகூப்பினார்கள். அந்தக் கும்பிடு அவருக்குப் பிடித்திருந்தது. மனிதன்தானே.

மஞ்சள்மீது அவருக்கு இன்னொரு கோபமும் உண்டு. அவர்கள் பைக்குள் அவ்வப்போது பச்சையின் முத்திரை போட்ட விரிப்பு கிடைக்கும். “பக்கத்து வீட்டுத் துணிய உருவற பசங்க” என்று திட்டிக்கொண்டே அதைப் பச்சைக் குவியலில் எறிவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நம் ஆட்களில் வேன் ஓட்டுகிற ஒருவரின் மனைவிக்குப் பித்தப்பையில் கல். பெட்ஷீட் டாக்டரைக் கேட்டுத்தான் பச்சையில் சேர்த்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் நிலைமை மோசமாகி, ஆம்புலன்சில் மஞ்சளுக்கு மாற்றினார்கள். அங்கே ஒன்றரை நாள் இருந்து போய்ச் சேர்ந்துவிட்டார். துக்கத்துக்குப் போன பெட்ஷீட் டாக்டர் வேன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “பச்சையிலயே வெச்சிருந்தா பொழைச்சிருப்பாங்க அண்ணே. மஞ்சளுக்கு ஏன்தான் மாத்தினாங்களோ” என்று அழுதார். மனமாரத்தான் சொன்னார். வேன்காரரும் அதையே நம்பினார். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். மஞ்சள் என்றாலே ஊரில் எல்லோரும் பின்வாங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இந்த வருடம் பெட்ஷீட் டாக்டரின் மனைவிக்கே வந்தது. துணிக்கடை ஒன்றில் கால்சட்டைகளுக்கு அளவு பிடித்துத் தைக்கும் வேலை அவளுக்கு. தையல் மிஷினில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாதம் பதினைந்து நாள் ரத்தப்போக்கு. பச்சையில் ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையில் பெரிய கட்டி, கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீடு என்றார்கள். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமா என்று இவர் கேட்டதற்கு, அதெல்லாம் தேவைப்படாது என்று சிரித்தார்கள். இவருக்கும் நிம்மதியாக இருந்தது. வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

“உங்க பச்சையில நானும் ஒரு விரிப்ப அழுக்காக்கிட்டு வந்துடறேன்” என்றாள் மனைவி. “நீங்களே உதறுங்க. வேற ஆள் கைக்குப் போகக் கூடாது.”

“வாயக் கழுவு” என்றார் அவர். ஆனாலும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் பை ஒன்றை அறுத்தபோது, உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிப் போர்வை சுருண்டிருந்தது. ஆம்புலன்ஸ் போர்வை. அதை உதறினால் உள்ளே ஒரு விரிப்பு. நடுவிலிருந்து ஓரம்வரை ரத்தம், உறைந்து மொடமொடத்துக் கிடந்தது. இதயத்துடிப்பு பார்க்க நெஞ்சில் ஒட்டுகிற வட்ட பிளாஸ்திரி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். பச்சையின் முத்திரை.

பழக்கதோஷத்தில் திட்டு வாய்வரை வந்துவிட்டது. கை மட்டும் எறியவில்லை. இன்னும் இரண்டு நாளில் இதே முத்திரை போட்ட விரிப்பில் தன் மனைவி படுக்கப் போகிறாள் என்ற நினைப்பு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. விரிப்பை யாராவது திருடுவதென்றால் ரத்தத்தோடா திருடுவான்? ஆம்புலன்ஸ் போர்வையில் சுற்றியா கொண்டுபோவான்? ஆளைத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். படுத்திருந்த விரிப்போடு அப்படியே தூக்கி, அவசரமாக.

அடுத்த மேஜையில் பை எண்ணிக்கை எழுதும் பெண்மணிக்கு ஆலையில் இவரைவிடச் சர்வீஸ் அதிகம். அவரிடம் கேட்டார். பச்சையின் விரிப்பு மஞ்சள் பையில் மாதத்துக்கு ஐந்தாறு வரும், வருடக்கணக்காக வந்துகொண்டுதான் இருக்கிறது என்றார். மஞ்சளின் விரிப்பு எப்போதாவது பச்சைப் பையில் வந்ததுண்டா என்று கேட்டார். அந்தம்மா பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, ஒன்றுகூட ஞாபகம் இல்லை என்றார். இவரும் பதினோரு வருடத்தைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை.

பச்சை சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. சின்ன வைத்தியத்தை நன்றாகவே செய்தார்கள். கைமீறிப் போனதை எல்லாம் விரிப்போடு மஞ்சளுக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்த ரத்தம் மஞ்சளின் பையில் ஏறியது, அந்தச் சாவும் மஞ்சளின் கணக்கில் ஏறியது. துணி வெளுக்கும் ஆலையில் பதினோரு வருடம் இருந்துகொண்டு, வெளுத்ததெல்லாம் பால் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

“அப்போ மஞ்சளுக்கே போயிடலாம்” என்றாள். பிறகு, “வேன்காரண்ணன் பொண்டாட்டி?” என்று கேட்டாள்.

அவர் எழுந்து, பச்சையில் கொடுத்த சீட்டை எடுத்து நாலாக மடித்தார்.

வியாழக்கிழமை காலை வேன்காரரேதான் அழைத்துப்போக வந்தார். காசு வாங்க மாட்டார். வேன் முக்குத் திரும்பியதும் பெட்ஷீட் டாக்டர், “அண்ணே, மஞ்சளுக்குப் போங்க” என்றார்.

வேன் ஓரமாக நின்றது. “விளையாடறியா தம்பி? அங்கயா கொண்டுபோற?”

“இன்ஷூரன்ஸ்காரன் அங்கதான் போகச் சொல்றான்ணே. என்ன பண்றது.”

பின்சீட்டில் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேன்காரர் பொய்யை நம்பினார். வழி முழுக்க இன்ஷூரன்ஸ்காரன் குடும்பத்தைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். இறக்கிவிடும்போது, “பயப்படாதம்மா. நான் தெனமும் வந்து நிக்கறேன். ஏமாத்த விடமாட்டேன்” என்றார்.

மஞ்சளில் சுவர் வண்ணம் உரிந்திருந்தது. நாலு மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு இளம் பெண் டாக்டர் பார்த்தார். பச்சையில் யாரும் தொட்டுப் பார்க்காத பழைய தழும்புகளை அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். மகள் பிறந்தபோது ஒன்று, குடல்வால் எடுத்தபோது ஒன்று. உள்ளே ஒட்டியிருக்கலாம், ரத்தம் நிறையப் போகலாம், முதலில் உடம்பு தேறட்டும், ரத்தம் தயாராக வைத்துக்கொண்டுதான் கத்தி வைப்போம் என்றார். பெட்ஷீட் டாக்டருக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அந்த டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

மூன்று வாரம் கழித்து ஆபரேஷன். மகள் வேறு நாட்டில் வேலையில் இருந்தாள். மறுநாள்தான் வந்து சேர முடியும். தள்ளுபடுக்கையில் படுத்துக்கொண்டு மனைவி இவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“வேன்காரண்ணன்கிட்ட உண்மைய சொல்லிடுங்க. எனக்கு நல்லபடியா ஆனாலும் சரி, ஆகாட்டியும் சரி.”

“நீ வந்து சொல்லு” என்றார். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வேன்காரர் சொன்னபடி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் என்றார்கள், ஐந்தாயிற்று. நடுவில் ஒரு நர்ஸ் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சற்று நேரத்தில் இன்னொரு பெட்டி. ரத்தம் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பெட்ஷீட் டாக்டர் தெரிந்த சாமி பெயரை எல்லாம் சொல்லி முடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். வேன்காரர் அவர் முதுகில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு அந்த இளம் டாக்டர் வந்தார். தொப்பியெல்லாம் வியர்வை. மூத்திரப்பையோடு ஒட்டியிருந்தது, ஆறு பாட்டில் ஏற்றினோம், இப்போது நன்றாக இருக்கிறார், அரை மணியில் கூப்பிடுவோம் என்றார். பெட்ஷீட் டாக்டர் எழுந்து அவரைப் பார்த்துக் கைகூப்பினார். வேன்காரர்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“நல்லா இருக்கட்டும் தம்பி” என்றார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இதே ஆஸ்பத்திரிதான். இதே கதவுதான். என் பொண்டாட்டிய மட்டும் ஏன் இவங்க விட்டுட்டாங்க?”

அதற்கு மேல் பெட்ஷீட் டாக்டரால் முடியவில்லை. “இவங்க விடலண்ணே” என்று ஆரம்பித்து, இன்ஷூரன்ஸ் பொய் என்பதையும், செவ்வாய்க்கிழமை பையையும், போர்வையையும், முத்திரையையும் ஒன்று விடாமல் சொன்னார். “பச்சையில கெடுத்து, கடைசியில இங்க தள்ளினாங்க. அங்க அனுப்பினது நான். துக்க வீட்ல வந்து மஞ்சள் மேல பழி போட்டதும் நான்தான்.”

வேன்காரர் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தார். அடித்திருந்தால் தேவலை.

வேன்காரர் எதிர்ச் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “அவ படுத்திருந்த விரிப்பும் ஒங்கிட்டதான் வந்திருக்குமா?”

“வந்திருக்கும்ணே.”

“நீ என்ன பண்ணின?”

“பச்சைக் குவியல்ல எறிஞ்சிருப்பேன். திருட்டுப் பசங்கன்னு இவங்கள திட்டியிருப்பேன்.”

வேன்காரர் தலையை ஆட்டினார். கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, நோயாளி கண் விழித்துவிட்டார், வீட்டுக்காரரைக் கேட்கிறார் என்றாள். பெட்ஷீட் டாக்டர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முகம் இல்லை.

வேன்காரர் அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

“போ” என்றார். “உன்னையாவது கூப்பிடறாங்க. போ.”