மழைக்கு யார் வருவது?

திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானல் வண்டி காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட வேண்டும். ஆறு பத்துக்குப் புறப்பட்டது. அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சொந்தக் காரில் மலையேறுகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவனுக்கு அது தேவையில்லை. இப்படிப்பட்ட விலக்குகளைத் தெரிந்துவைத்திருப்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு. பத்திரப் பதிவுத் துறையிலேயே நரைத்தவனுக்கு வேறு என்ன மிஞ்சும்?

போகும் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மே மாதம் என் மனைவி சரோஜா அடுப்படியில் மயங்கி விழுந்தாள். வெயில்தான் காரணம் என்றார் மருத்துவர். படுக்கையறையில் ஏசி மாட்டினோம். இந்த ஆண்டு மின்சாரம் போகிற நேரங்களில் அது சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். ஆகவே மலையில் ஐந்து சென்ட் வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டி, ஏப்ரல், மே இரண்டு மாதமும் அங்கே இருந்துவிடுவது என்று திட்டம். சொந்தமாக யோசித்த திட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். வத்தலகுண்டு தாண்டுவதற்குள் முன் இருக்கையில் இரண்டு பேர் இதே திட்டத்தைச் சென்ட் கணக்கில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

காமக்காபட்டி சோதனைச் சாவடிக்குப் பிறகு வண்டி ஏறத் தொடங்கியது. ஊத்து என்கிற ஊர் வந்தபோது குளிருக்கு ஜன்னலைப் பாதி மூடினேன். இந்தப் பாதையில் பலமுறை போயிருக்கிறேன். இத்தனை செம்மண் வெட்டுகளைப் பார்த்ததில்லை. வளைவுக்கு வளைவு சரிவைச் செங்குத்தாகச் சீவி, அதன் முன்னால் ‘மனைகள் விற்பனைக்கு’ என்று பலகை. சில வெட்டுகளின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள், மழை பார்த்துவிடக் கூடாது என்பது போல.

பெருமாள்மலையில் டீக்கு நின்றோம். கண்டக்டர் அடுக்கம் ரோட்டைக் கைகாட்டினார்.

“அங்கிட்டுப் போற சோலி இருந்தா வேணாங்க. போன வாரம் ஒரு மணி நேரந்தான் பேஞ்சுச்சு. பாறை உருண்டு ரோட்டுல கெடக்கு.”

“மே மாசத்திலேயேவா?”

“மழைக்கு யாருங்க மாசம் பிரிச்சுக் குடுக்குறது?”

பத்து மணிக்குக் கொடைக்கானல். செல்வம் ஜீப்போடு காத்திருந்தார். நாயுடுபுரத்தில் ஜெராக்ஸ் கடையும் மனைத் தரகும் ஒரே அறையில் நடத்துகிறவர். முப்பத்தைந்து வயது, வெள்ளை ஷூ. நாயுடுபுரம் கடந்து வில்பட்டிச் சாலையில் போனோம். அதற்கு மேல் ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விலை ஏறும்.

ஜீப்பிலேயே காகிதங்களைப் பார்த்துவிட்டேன். வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், தாய்ப்பத்திரம், எதிலும் ஒரு பிசிறு இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. மலைப்பகுதியில் வீடு கட்ட எந்தெந்த அலுவலகத்தில் எந்த வரிசையில் அனுமதி வாங்க வேண்டும் என்று செல்வத்துக்குப் பாடம் எடுத்தேன். அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார், அடுத்த வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு.

இடம் அழகாகத்தான் இருந்தது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய ஏழு காடுகள். இங்கே வயலைக் காடு என்கிறார்கள். அவற்றில் உச்சியில் இருப்பது விலைக்கு. கீழே இருந்த ஆறு காடுகளிலும் பூண்டு ஊன்றியிருந்தார்கள். இரண்டு வாரத் தளிர். மேலிருந்து மூன்றாவது படியில் ஓர் ஓட்டு வீடு. உச்சிக்கு மேலே தைலமரத் தோப்பு. மார்ச்சில் தீப்பிடித்து அடிமரமெல்லாம் கரியாக நின்றது, தரையில் சாம்பல்.

“எப்படி லெவலா இருக்கு பாருங்க சார். கிரிக்கெட்டே ஆடலாம்” என்றார் செல்வம். பொக்லைன் விட்டு இடத்தைத் தட்டையாக்கி வைத்திருந்தார். குளிர்ந்த காற்று கழுத்தில் பட்டது. சரோஜாவை ஒரு நாற்காலி போட்டு அங்கே உட்காரவைத்தும் பார்த்துவிட்டேன், மனதில்தான்.

அப்போது கீழிருந்து மம்பட்டியோடு ஓர் அம்மாள் ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. பெயர் பாக்கியம், அந்த ஓட்டு வீடு அவருடையது. கணவர் பழைய பூண்டு மூட்டைகளோடு வடுகபட்டிச் சந்தைக்குப் போயிருந்தார்.

“சார்தான் வாங்கப் போறவங்களா?”

“பார்க்க வந்திருக்கேம்மா.”

“வயசு என்னாச்சு?”

“அறுபத்தேழு.”

“முட்டி எப்படி இருக்கு?”

“இடது முட்டி கொஞ்சம் வலிக்கும்.”

“ராத்திரி எந்திரிப்பீங்களா?”

“யக்கா, சார் என்ன மாப்பிள்ளை பாக்கவா வந்திருக்காரு, இந்த விசாரண பண்ற?” என்றார் செல்வம்.

“ஏலே, நீ சும்மா கெட.”

“மூன்று தடவையாவது எழுந்திரிப்பேன்” என்றேன். “வயசு அப்படி.”

“அப்ப ரொம்ப நல்லது!” என்று முகம் மலர்ந்தார். இந்த உபாதைக்காக யாரும் என்னை இதுவரை பாராட்டியதில்லை.

பிறகுதான் விளங்கியது. மேல்காட்டின் பின்புறம், தோப்புக்கும் காட்டுக்கும் நடுவே, குறுக்காக ஒரு வாய்க்கால் உண்டு. மேலிருந்து வருகிற மழைத்தண்ணீரைத் தடுத்துப் பக்கத்து ஓடையில் விடுவது அதன் வேலை. மழை கனத்தால் மேல்காட்டுக்காரர் எந்த நேரமானாலும் மம்பட்டியோடு வந்து நின்று, வாய்க்கால் அடைபடாமல் தண்ணீரைத் திருப்ப வேண்டும். அதற்குப் பதிலாகக் கீழ்க்காட்டுக்காரர்கள் அறுவடையில் ஆளுக்குக் கொஞ்சம் பூண்டு கொடுப்பார்கள். இப்போதைய சொந்தக்காரர் திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். இரண்டு வருடமாகப் பாக்கியமே ஏறிவந்து தண்ணீர் திருப்புகிறார்.

“உங்களுக்கும் பூண்டு குடுத்துருவோம் சார், அதுல கொறை வராது. வருசத்துல எந்தெந்த மாசம் இருப்பீங்க?”

“ஏப்ரல், மே.”

பாக்கியம் மம்பட்டியைக் கீழே ஊன்றினார்.

“வெயிலுக்கு வர்றீங்க.”

“ஆமா.”

“அப்ப மழைக்கு யாரு வருவா?”

பதிவுத் துறையில் இதற்குப் படிவம் இல்லை. “முன்னே மாதிரி நீங்களே வந்து...” என்று இழுத்தேன்.

“வேலி போட்டுக் கேட்டப் பூட்டுனா எப்படி வாறது? சுவரேறிக் குதிக்கவா?” செல்வத்தைப் பார்த்தார். “எடம் பாக்க வந்த கோயமுத்தூர்ப் பார்ட்டி கம்பி வேலி கேட்டாராமே?”

“அது பேச்சுதானக்கா” என்றார் செல்வம்.

அந்த வாய்க்காலைக் காட்டுங்கள் என்றேன். இருவரும் என் காலடியைப் பார்த்தார்கள். பிறகு பாக்கியம் சொன்னார்: “நீங்க அது மேலதான் நிக்கிறீங்க.”

பொக்லைன் விட்டபோது செல்வம் அதை மூடிவிட்டிருந்தார். “பத்தடி கூடக் கெடைச்சது சார். பின்னால ஒரு குழாய் போட்டுக்கலாம்.” புல வரைபடத்தில் அது கிடையாது. அரசாங்கம் அளக்காத வாய்க்கால். ஆகவே காகிதத்தில் வில்லங்கமும் இல்லை.

இரண்டு மணி வாக்கில் கிழக்கே மேகம் ஏறியது. வெரசாப் போய்விடலாம் என்று செல்வம் ஜீப்பைப் பார்த்தார். முதல் துளிகள் கோலிக்குண்டு போல் விழுந்தன. அடுத்த ஐந்து நிமிடத்தில் எதிர்மலை காணாமல் போனது. கோடை மழையை நான் அறிவேன்; கொஞ்சம் அதட்டிவிட்டுப் போய்விடும். இது அதட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

தோப்பிலிருந்து தண்ணீர் கறுப்பாக வந்தது. சாம்பலும் கரித்துண்டுமாகத் தட்டையான மனையின்மேல் பரவி, தாம்பாளத்தில் ஊற்றியதுபோல் ஒரு கணம் தளும்பியது. பிறகு தாழ்ந்திருந்த மூலையைக் கண்டுபிடித்து அங்கேயே கூடியது. அந்த மூலைக்கு நேர் கீழே பாக்கியத்தின் பூண்டு. அதற்கும் கீழே வீடு.

பாக்கியம் பின்பக்கம் ஓடிப்போய் மண்ணை வெட்டத் தொடங்கினார். நான் செய்த முதல் காரியம், அவர் தலைக்குமேல் என் குடையைப் பிடித்தது.

“சார், கொடைய மடக்கிட்டு அந்தக் கல்ல உருட்டிக் கொண்டாங்க! ஏலே செல்வம், மூடுனவன் நீதானே, வாலே இங்க!”

செல்வம் ஷூவைக் கழற்றிவிட்டு ஜீப்பிலிருந்த கடப்பாரையோடு வந்தார். அவரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். இறங்கியபின் நன்றாகவே இடித்தார். நான் தாழ்ந்த மூலைக்குக் கல் உருட்டினேன். இடது முட்டி ஆட்சேபம் தெரிவித்தது. வாய்க்காலில் பாதிதூரம் திறந்தபோது தண்ணீர் தயங்கி, சுழன்று, ஓடைப்பக்கம் திரும்பியது. மீதிப் பாதி மண்ணுக்குள்தான் இருந்தது.

மழை நின்றதும் கீழே இறங்கிப் பார்த்தோம். இரண்டு காடுகளில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புச் சேறு. அது வீட்டின் பின்சுவர்வரை வந்து நின்றிருந்தது. பாக்கியம் குனிந்து, சேற்றுக்குள் கைவிட்டு, அடித்து வந்த விதைப்பூண்டுகளைத் தளிரோடு பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். மறுபடி ஊன்றினால் பாதி பிழைக்கும் என்றார். நானும் பொறுக்கினேன்.

“பாத்தீங்களா சார், உங்க மாசத்துலயே வந்துருச்சு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதில் என்மேல் நம்பிக்கை இருந்தது.

செல்வத்தைத் தனியே அழைத்து என் நிபந்தனைகளைச் சொன்னேன். வாய்க்காலை முழுவதும் திறந்த பிறகே பதிவு. கீழ்க்காட்டுக்காரர்கள் எந்நேரமும் மேலே வந்து தண்ணீர் திருப்பலாம், யாரும் பூட்டக் கூடாது, இந்த இடத்தை இனி யார் வாங்கினாலும் இது பொருந்தும் என்று கிரயப் பத்திரத்தில் ஒரு வரி.

“அந்த வரி இருந்தா எவனும் வாங்க மாட்டான் சார்.”

“நான் வாங்குகிறேனே” என்றேன். என் வாயிலிருந்து வந்ததை நானும் அப்போதுதான் கேட்டேன்.

பாக்கியம் செல்போன் எண் கொடுத்தார். “மழ நேரத்துல அடிச்சா எடுக்க மாட்டேன். கை ரெண்டும் சோலியாக் கெடக்கும். மழ விட்டு வெறிச்ச பெறகு நானே கூப்புடுவேன்.”

மாலை வண்டியில் இறங்கினேன். பெருமாள்மலையில் ஸ்வெட்டர், ஊத்தில் அதைக் கழற்றினேன், காமக்காபட்டியில் மேல் பொத்தானையும். வத்தலகுண்டில் கதவு திறந்தபோது வெக்கை முகத்தில் வந்து மோதியது. இந்தச் சூட்டிலிருந்து தப்பிக்க நாங்கள் மலையைத் தட்டையாக்குகிறோம். எரிந்த தோப்பும் தட்டையான மனையுமாக இருக்கிற மலை, இப்போது பெய்கிற மழையைப் பிடித்துவைக்க மாட்டேன் என்கிறது. நாங்கள் கீழே நின்று வெயிலைத் திட்டுகிறோம். என்னைப் போன்றவர்கள் வராமல் இருந்தாலே அங்கே பாதி நன்மை என்று தோன்றியது. ஆனால் நான் வராவிட்டால் கம்பி வேலி வரும்.

வீட்டுச் சந்தில் நுழைந்தபோது எங்கள் ஏசியின் வெளிப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அனல் காற்று நேராக எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலில் அடித்தது. அந்த ஜன்னலுக்கு அட்டை வைத்து மறைத்திருந்தார்கள். ஏசி மாட்டிய இந்த ஓர் ஆண்டும் அந்தச் சந்தில்தான் நடக்கிறேன். அட்டையை அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே சரோஜா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டியை வேறு சுவருக்கு மாற்ற ஆளிடம் சொல்லியிருக்கிறேன். எந்தச் சுவருக்கு மாற்றினாலும் அந்தப் பக்கமும் ஒரு வீடு இருக்கிறது.

திங்கட்கிழமை பதிவு என்று முடிவானது. சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஐப்பசியில அந்தக் குளிர்ல போய் நீங்க நிக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். வீட்டுக்குப் பதில் இப்போதைக்கு ஒரு தகரக் கொட்டகை போதும் என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை செல்வத்துக்குப் போன் செய்தேன். “பொக்லைன் நாளைக்குக் கட்டாயம் வந்துரும் சார்” என்றார். அப்படியானால் வாய்க்கால் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது.

அன்று மாலை கடைவீதிக்குப் போய் மம்பட்டி கேட்டேன்.

“காட்டுக்கா, கட்டட வேலைக்கா?” என்றார் கடைக்காரர். இரண்டுக்கும் இலைத்தகடு வேறாம்.

“வாய்க்காலுக்கு” என்றேன்.

அவர் ஒன்றை எடுத்துக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தபோது மேற்கே பார்த்தேன். தெரு முனையில் எப்போதும் நீலமாகத் தெரியும் மலை இல்லை. அந்த இடத்தில் அடிவானம்வரை கறுப்பு. திண்டுக்கல்லில் ஒரு துளி இல்லை. கடைவாசலிலேயே நின்று பாக்கியத்தை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

மம்பட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பாக்கியம் கூப்பிடுவதற்காக அங்கேயே நின்றேன்.