மூலைக்கு ஒரு கண்

தினமும் வேலைக்கு வந்ததும் அல்போன்சா சிஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடுகிறார். வார்டுக்குள் கட்டக் கூடாது. பிறகு கைப்பேசியின் கேமராவைக் கூரை மூலைக்கு நேராகப் பிடிக்கிறார். வெறும் கண்ணுக்கு அங்கே இருப்பது ஒரு வெள்ளைப் பெட்டி. கைப்பேசித் திரையிலோ ஊதாவாக ஒரு புள்ளி மினுங்குகிறது. "முழிச்சிட்டுதான் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார்.

தூத்துக்குடிக்காரர். டெல்லியில் கரோல் பாக் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நெடுநாளாக நர்ஸ். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க மாட்டார். மீட்டர் 'கராப்', ஓடாது என்கிற ஆட்டோவில் ஏற மாட்டார். அப்படிப்பட்டவரிடம் போய், படுக்கையருகே உள்ள கருவியிலிருந்து நாடித்துடிப்பை அந்தப் பெட்டி வழியாக நர்ஸ் மேசைத் திரைக்கு அகச்சிவப்பு ஒளியே கொண்டுபோய்விடும், வயரும் வேண்டாம் வைஃபையும் வேண்டாம் என்றால் நம்பிவிடுவாரா?

வார்டில் நர்ஸ்கள் உட்காரக் கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு. சிஸ்டருக்கோ முழங்கால் வலி. பெட்டி வந்த மாதமே, சற்று உட்கார்ந்த நர்ஸ் ஜோஸ்லினை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போட்டுக்கொடுத்தது யார் என்று கேட்டால் சிஸ்டர் கூரையைக் கை காட்டுவார்.

பெட்டியை மாட்டிய இன்ஜினியர் கௌதமன் டெல்லியிலேயே பிறந்த தமிழன். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "அரே சிஸ்டர், அது கேமரா இல்ல. அதால பாக்கவே முடியாது."

"பாக்காதுங்கிய. நான் குறுக்க வந்தா மேசையில நம்பர் அறுந்து போவுதுல்லா? அப்ப நான் நிக்கது அதுக்குத் தெரியத்தானே செய்யுது?"

கௌதமன் இதைக் கருவியின் குறையாக எடுத்துக்கொண்டான். யார் குறுக்கே நின்றாலும் ஒளி மறுபக்கமாக வந்துசேரட்டும் என்று எதிர் மூலையிலும் ஒரு பெட்டி மாட்டினான். நம்பர் அறுவது நின்றது. "ஒரு கண்ணு பத்தலைன்னு இன்னொண்ணையும் வச்சிட்டான்" என்று சிஸ்டர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

நேற்று மாலை வேலம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அவளுக்கு இதய ஆபரேஷன். ஹிந்தி ஒரு சொல் தெரியாது. ஆர்.கே.புரத்திலிருந்து மகள் இன்னும் வந்தபாடில்லை. "செத்த உக்காரும்மா. பயமா இருக்கு."

சிஸ்டருக்கும் பயமாகத்தான் இருந்தது. இந்த மூலையைப் பார்த்தார், அந்த மூலையைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலம்மாளின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, நாடி பார்க்கிறவரைப் போல முகத்தை விறைப்பாக்கிக்கொண்டார். மகள் வந்துசேரும்வரை, கடிகாரம் இல்லாத தம் இடது மணிக்கட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.