திங்கட்கிழமை முதல் பஸ்

குடிக்காதவனைவிடக் குடித்தவனே தேவலாம் என்று ஒரு காலத்தில் நான் நிரூபித்திருக்கிறேன். விளக்கு, பொத்தான், கடிகாரம் எல்லாம் வைத்து, காகிதத்தில் கட்டம் போட்டு, முறைப்படி நிரூபித்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். உடம்பு அசந்துபோனால் மனிதனின் கையும் கண்ணும் எவ்வளவு தாமதிக்கின்றன என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம். ஜாகை கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில், அக்கா வீட்டில். அக்கா புருஷன் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை முதல் பஸ் அவருடையது. நானும் அதில்தான் போவேன். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நல்ல மனிதர். கோபம் வந்தால்கூடக் குழந்தைகளை ஒரு அடி அடிக்க மாட்டார். அதனால்தான் அவரிடம் சண்டை போடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு அவருக்கு ஓய்வு. நம் பக்கம் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியில் எல்லாம் கிடைக்கும். மத்தியானம் கிளம்பிப் போய், ராத்திரி வெகு நேரம் கழித்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்து சேருவார். பாட்டிலைக் கொண்டுவந்தால் செக்போஸ்ட்டில் பிடிப்பார்கள், வயிற்றுக்குள் கொண்டுவந்தால் யார் தட்டிப் பார்ப்பது? திங்கள் விடிவதற்கு முன் எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, பட்டையாக விபூதி பூசிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்காருவார். வாயில் வாடை இருக்காது. நடை தடுமாறாது. அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

முடியவில்லை. அது எனக்குத் தெரியும். திங்கட்கிழமைகளில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். கண்டக்டர் விசில் ஊதினால் ஒரு கணம் கழித்துத்தான் வண்டி நகரும். ஒரு திங்கட்கிழமை ஆலப்பாக்கம் தாண்டி நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. எல்லாரும் கத்திவிட்டோம். அதற்கப்புறம்தான் அவர் கால் பிரேக்குக்குப் போனது. வண்டியின் பின்பக்கம் உரசி ஒரு மூட்டை கிழிந்து நெல் ரோடெல்லாம் கொட்டியது. யாருக்கும் அடியில்லை. மாமா இறங்கி வண்டிக்காரனைத்தான் திட்டினார்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ இதத்தான படிக்கிற தம்பி? அவுருக்கு உறைக்கிற மாதிரி எடுத்துச் சொல்லேன்டா. நான் சொன்னா பொம்பள பொலம்புறான்றாரு."

சொன்னேன். போதை இறங்கினாலும் உடம்பு முழுசாகத் தேறுவதற்கு நேரம் பிடிக்கும், தலைவலியும் நாக்கு வறட்சியும் மட்டுமல்ல, கையும் கண்ணும் மந்தமாகவே இருக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஓய்வை ஞாயிறிலிருந்து திங்களுக்கு மாற்றிக் கேளுங்கள், முதலாளி தருவார் என்றேன்.

அவர் சிரித்தார். "ராத்திரி குடிச்சது ராத்திரியோட போச்சு மச்சான். காலையில நான் தெளிஞ்ச மனுசன். சரி, ஒண்ணு செய்யி. உன் மிஷின வச்சு நிரூபிச்சிக் காட்டு. அது சொல்லிடுச்சின்னா மாரியாத்தா சத்தியமா திங்கக்கிழம வண்டியத் தொட மாட்டேன்."

அடுத்த நாளே என் பேராசிரியரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, மதுவிலக்கு இருக்கிற ஊர்ல குடிச்சவனத் தேடிப் புடிச்சு ஆராய்ச்சி பண்ணப்போறியா? நல்லா இருக்கு போ." ஆனாலும் மிஷினைக் கொடுத்தார். விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அமுக்க வேண்டும், எத்தனை நேரம் பிடித்தது என்று முள் காட்டும், அவ்வளவுதான். அதை மடியில் வைத்துக்கொண்டு கடலூருக்கு வந்தேன்.

மாமாவின் கூட்டாளிகள் ஆறு பேர் சம்மதித்தார்கள். மெக்கானிக், லோடுமேன், டயர் மாற்றுகிறவர் என்று எல்லாம் பஸ் ஷெட் ஆட்கள். மாமாவோடு புதுச்சேரி போகிறவர்கள். வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குமுன், ஷெட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்துப் பார்த்தேன். மாமா அந்த நேரத்துக்குப் பாதி வழியில் இருப்பார், அதனால் அவரைச் சோதிக்க முடியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கக் குடிக்காதவர்களும் வேண்டுமே. அதே கம்பெனியில் குமாஸ்தா, ஸ்டோர்கீப்பர், டிக்கெட் பரிசோதகர் என்று ஆறு பேர் கிடைத்தார்கள். ஆனால் திங்கட்கிழமை வரமாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். "குடிகாரப் பசங்களோட எங்களையும் வரிசையில உக்கார வைப்பீங்களா சார்? யாராச்சும் பாத்தா என்னா நெனைப்பாங்க?" என்றார் குமாஸ்தா. சனிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்கள். எனக்கென்ன, நாள் எதுவானால் என்ன என்று தலையாட்டினேன். மடையன்.

வந்தார்கள். குளித்து, தலையை வாரி, வெள்ளை வேட்டியில் பளிச்சென்று. அந்த அழுக்கு அறையே மணத்தது. இவர்கள் அல்லவா மனிதர்கள் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. நானும் அன்று குளித்துவிட்டுச் சுகமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டிப் பார்த்தால் குடித்துவிட்டு வந்த ஆறு பேரும் குடிக்காத ஆறு பேரைவிட வேகம்! திரும்பக் கூட்டினேன். மிஷினைப் பிரித்துத் துடைத்தேன். பேட்டரியை மாற்றினேன். மறுபடி அதே ஆட்கள், அதே கிழமைகள், அதே விடை. பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரோட்டுல நிம்மதியாப் போகணும்னா டிரைவருங்களுக்கு சாராயம் ஊத்துங்கன்னு எழுதிடட்டுமா?" எனக்கு அழுகை வந்தது. அவருக்கென்ன, அவர் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறவர் இல்லை.

மாமாவிடம் மறைக்கலாம் என்றுதான் பார்த்தேன். நான் வாயைத் திறக்குமுன் மெக்கானிக் சொல்லிவிட்டார். அன்று மாமா எனக்கு விரால் மீன் வாங்கி வந்தார். "பாத்தியா, உன் மிஷினே சொல்லிடுச்சு! இனிமே குமாஸ்தாவ வண்டி ஓட்டச் சொல்லாத மச்சான், ஜனங்க தாங்க மாட்டாங்க." பிள்ளைகள் இரண்டும் அவரோடு சேர்ந்து சிரித்தன. அக்கா மட்டும் மீனைக் கொண்டுவந்து என் தட்டில் 'ணங்'கென்று வைத்துவிட்டுப் போனாள். அதற்கு முன்னாவது மாமாவுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. அதையும் போக்கியவன் நான்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. அக்கா என் தலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்துவிட, சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மிளகு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள். "எண்ண தேச்சிக் குளிச்சிட்டுத் தூங்குறியே, சளி புடிச்சிக்கும்டா! கூப்புட்டுக்கிட்டே இருக்கேன், காது கேக்கல?"

கேட்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டாளாம். கையில் சோற்றோடு அப்படியே கண் சொருகியிருந்தது.

எச்சில் கையோடு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு நேராகக் குமாஸ்தா வீட்டுக்கு ஓடினேன். அவரும் ஈரத் தலையைத் துண்டால் துவட்டியபடி, சொக்கிப்போய் வாசலில் நின்றார். என்னிடம் வந்த சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டா வந்தீர்கள் என்று கேட்டேன். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சனிக்கெழம ஆம்பள எண்ண தேய்க்காம இருப்பானா சார்? நீங்க தேய்க்கலையா?"

தேய்த்தேன் ஐயா, தேய்த்தேன்! அதுதானே வினை. தூங்கி வழியும் ஆறு பேரைத் தூங்கி வழியும் ஏழாவது ஆள் உட்கார்ந்து அளந்திருக்கிறான். சீயக்காய் வாசனை மூக்கைத் துளைத்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. வெளியூர்க்காரன் எவனாவது இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான். பிறந்ததிலிருந்து சனிக்கிழமை என்றால் எண்ணெய் என்று வளர்ந்தவனுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

மறுபடி எல்லாரையும் கெஞ்சினேன். அந்தக் குடிக்காத ஆறு பேரைப் புதன்கிழமை வரவழைத்தேன். புதுச்சேரி போகிற ஆறு பேரையும் ஒரு திங்கட்கிழமையும் ஒரு புதன்கிழமையுமாக உட்கார வைத்தேன். இந்த முறை ஐயத்துக்கே இடமில்லை. திங்கட்கிழமை மந்தமாக இருந்த அதே கை புதன்கிழமை சுறுசுறுப்பாக இருந்தது. குடிக்காத ஆறு பேரும்தான் மற்ற எல்லாரையும்விட வேகம். நான் கட்டம் போட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு ஞாயிறு மத்தியானம், மாமா புதுச்சேரிக்குக் கிளம்புமுன், அவர் முன்னால் விரித்தேன். எண்ணெய்க் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"போன தடவ நான் கெலிச்சேன், அது தப்பு. இப்ப நீ கெலிச்ச, இது சரி. அப்பிடித்தான? உனக்கு வேணுன்ற பதில் வர்ற வரைக்கும் பரீட்ச வச்சிக்கிட்டே இருப்பியா மச்சான்?"

இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு நாலு பக்கம் விளக்கம் எழுதுவேன். ஒரு டிரைவருக்கு, சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு, ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரியவில்லை. அவர் கிளம்பிப் போனார். வழக்கம்போல வெற்றிலையோடு திரும்பினார்.

மறுநாள் விடியற்காலையில் நான் பஸ்ஸில் ஏறியபோது, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னவன், பக்கத்தில் பெரியவள். இரண்டும் தூக்கக் கலக்கத்தில் இருந்தன. பஸ் நிறைய ஜனம். கூடைக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணி ஒருத்தி.

மாமா ஏறி உட்கார்ந்தவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பினார். "நீ எங்க வந்த?"

"சும்மாத்தான். சிதம்பரத்துல எறங்கிட்டு இதே வண்டியில திரும்பி வருவோம்," என்றாள் அக்கா. "நீங்கதான் தெளிஞ்சிட்டீங்களே. ஓட்டுங்க."

கண்டக்டர் விசில் ஊதினார். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிடித்த கையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தார். கண்டக்டர் இரண்டாவது முறை ஊதினார். பின்னாலிருந்து யாரோ நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். மாமா சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் ஷெட் ஆபீசுக்குள் போனார்.

"ஒடம்பு சரியில்ல. வேற ஆள அனுப்புங்க," என்று அவர் சொன்னது வெளியே கேட்டது.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை அவர் வண்டி எடுக்கவில்லை. அக்காவுக்கு நிம்மதி. எனக்கு மட்டும் ஆறவில்லை. மாதக்கணக்கில் மிஷினைச் சுமந்து, சத்தியம் செய்து, கெஞ்சி, பேராசிரியர் சிரிப்பையெல்லாம் தாங்கி அவருக்குத் தெரியவைக்கப் போராடினேனே, அந்த மனிதருக்கு அது முன்னாடியே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அத்தனை திங்கட்கிழமையும் ஊரார் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.