அறுநூறு வரி எட்மண்ட்

கட்டளையை அடித்து முடித்ததும் எட்மண்ட் வலது சுட்டுவிரலைக் காது வரை தூக்குவார். அறையில் எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒரு நோட்டம். பிறகுதான் என்டர்.

தாம்பரம் சானடோரியம் அருகே டிராக்டர் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை. ஒரு பாகம் சுமையைத் தாங்குமா என்று செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் சோதித்துச் சொல்வது அவர் வேலை. இந்த 1994-லும் மவுஸைத் தொடமாட்டார். "அத்த உருட்டறவன்லாம் வீடியோ கேம் ஆடப் போலாம்" என்பார். அவருக்கு எல்லாம் கட்டளைதான். அறுநூறு வரியில் ஒரே கோப்பு. அதை எழுதியவர் துபாய் போய் மூன்று வருடமாகிறது. எட்மண்ட் அதை முழுதாகப் படித்ததில்லை. பிறரும் படித்துவிடக் கூடாதே என்று, ஆள் நெருங்கினால் முழங்கையால் திரையை மறைப்பார். கோப்பு ஓடி முடிவதற்குள் இரண்டு டீ, ஒரு பிரசங்கம். வெளியே வரும் தாளில் 'பாஸ்' என்ற சொல்லைத் தவிர வேறெதையும் யாரும் பார்ப்பதில்லை.

சென்ற மாதம் ஊரப்பாக்கத்தில் சோதனை ஓட்டத்தின்போது டிரெய்லர் கொக்கியின் தகடு பிளந்துவிட்டது. வரைபடம் போட்டவள் நாகலக்ஷ்மி. அவள் வேலை நிரந்தரமாக வேண்டிய வாரம். கம்ப்யூட்டர் பாஸ் போட்ட தகடு பிளந்தால் வரைபடம்தான் தப்பு என்று மேனேஜர் துளசிங்கத்திடம் எட்மண்ட் சொல்லிவிட்டார். அவளை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் கடிதம் டைப் ஆகிக்கொண்டிருந்தது.

அவள் சண்டைக்குப் போகவில்லை. வரைபடத்தில் தகட்டின் தடிமனைப் பாதியாக்கி, எட்மண்டிடம் கோப்பை மறுபடி ஓட்டச் சொன்னாள். வந்த தாளைப் பழைய தாளோடு சேர்த்து வைத்தாள்.

"சார், தகடு பாதியாயிடுச்சு. ஆன்சர் மட்டும் பாயின்ட்டுக்கப்புறம் நாலு நம்பர் வரைக்கும் அப்படியே இருக்கே?"

"ஸ்ட்ராங் டிசைன்மா. அப்டித்தான் வரும்."

அவள் அவருடைய முழங்கையைத் தாண்டிக் குனிந்து கோப்பைப் படித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரி, கொடுத்த வடிவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, என்றோ செய்த ஒரு கலப்பைப் பிடியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக எதைக் கொடுத்தாலும் அந்தப் பிடிக்குத்தான் பாஸ்.

எட்மண்ட் அந்த வரியை இரண்டு முறை படித்தார். வாசலில் துளசிங்கம் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எட்மண்ட் சட்டென்று கோப்பின் உச்சிக்குப் போனார். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் தானே போட்டுவைத்திருந்த தன் பெயரை எழுத்தெழுத்தாக அழித்தார். விரல்கள் விசைப்பலகை மேல் நிற்க, தலையைத் திருப்பாமல் மெல்லக் கேட்டார்:

"உன் இனிஷியல் இன்னாம்மா?"