பகேரியாவில் எண்ணப்படாத ஒரு ரன்

காலை 9.40. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பகேரியாவுக்கு டிக்கெட் எடுத்தேன். இரண்டு யூரோ எண்பது சென்ட். அங்குள்ள பழைய மாளிகைகளைப் பார்ப்பதாகத் திட்டம். ஆய்வுக்கூடம் ஒன்றில் மூன்று மாத வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்தவன் நான். வெள்ளிக்கிழமை மாலை கூடத்தைப் பூட்டினால் திங்கள் காலைவரை பேச ஆள் கிடையாது. கொஞ்ச நாளாக என்னோடு நானே வாய்விட்டுப் பேசத் தொடங்கியிருந்தேன்.

10.15. தேடிப்போன மாளிகை பூட்டிக் கிடந்தது. திரும்பி நடக்கையில் ஒரு மைதானத்தில் கூச்சல். வேலியோரம் நின்றேன். பேஸ்பால். ஒருவன் பந்தை அடித்த கையோடு மட்டையைக் கீழே எறிந்துவிட்டு ஓடினான்.

"மட்டையைப் போட்டுட்டு ஓடுறானே!" என்றேன், வழக்கம்போல எனக்கு நானே.

வேலிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தவர் சட்டென்று திரும்பினார். முப்பத்தைந்து வயதிருக்கும், முழங்காலெல்லாம் மண்.

"தமிழோ?"

"ஆமாங்க. திருச்சி."

"நான் குகன், யாழ்ப்பாணம். ஏன் வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ."

மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகச் சமையலறையில் மாலை வேலை, ஞாயிறு காலைகளில் இந்த ஆட்டம் என்றார். அன்று ஸ்கோர் பலகைக்காரர் வரவில்லை. எண் எழுதிய தகரத் தட்டுகளை என் கையில் கொடுத்தார்.

"மூண்டு பேஸையும் சுத்தி, அடிக்கிற இடத்துக்கே ஒருத்தன் திரும்பி வந்தால் ஒரு ரன். நம்பரை மாத்துங்கோ."

"கிரிக்கெட் ஆடினவன்தாங்க. பாத்துக்கிறேன்."

12.50. கடைசிச் சுற்று. அவர்கள் ஆறு, நாங்கள் ஐந்து. ஆம், அதற்குள் 'நாங்கள்' ஆகிவிட்டிருந்தது. இரண்டு பேர் அவுட். இன்னொருவர் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது பேஸில் குகன். அடிப்பவர் சால்வோ என்ற சிசிலிக்காரர். பந்து தரையோடு உருண்டது. குகன் ஓடிவந்து, புழுதி பறக்கச் சறுக்கி, அடிக்கும் இடத்தைத் தொட்டார். நான் "வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே ஆறை மாட்டினேன்.

நடுவர் தலையசைத்து மறுத்தார். எதிரணி கட்டிப்பிடித்துக் குதித்தது. சால்வோ முதல் பேஸை எட்டுவதற்குள் பந்து அங்கே போய்விட்டது. யாரோ இத்தாலிய மொழியில் ஏதோ சொல்லிப் பலகையைக் காட்டினார்கள். எல்லோரும் பார்க்க ஆறைக் கழற்றினேன். அது கை தவறி விழுந்து உருண்டது. முகம் எரிந்தது.

குகன், புல்லில் உட்கார்ந்துவிட்ட சால்வோவிடம் முதலில் போய், கைகொடுத்து எழுப்பி, முதுகில் தட்டினார். பிறகுதான் என்னிடம் வந்தார்.

"நீங்க முன்னாடியே தொட்டுட்டீங்க. நான் பாத்தேன்."

"ஓம், தொட்டனான். ஆனா அடிச்சவன் முதல் பேஸுக்குப் போய்ச் சேரமுதல் மூண்டாவது அவுட் எண்டால், நான் எவ்வளவு கெதியா வந்தாலும் கணக்கில்லை."

"எப்பவுமேவா?"

"இல்லை. அவன் அங்கை போய்ச் சேர்ந்து, பிறகு இரண்டாவதுக்கு ஓடேக்க பிடிபட்டிருந்தால், அதுக்கு முதல் நான் வந்தது ரன்தான்."

"அவசரப்பட்டு மாட்டிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"நானும் முதல் வருசம் உப்பிடித்தான் கத்தினனான்." சிரித்தபடி பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "வாற ஞாயிறும் வாங்கோ. பலகை உங்கடைதான்."

"புதன்கிழமை ஊருக்குக் கிளம்புறேங்க."

"எப்ப வந்தனீங்கள்?"

"மூணு மாசமாச்சு."

"மூண்டு மாசமோ? எங்கை?"

"பலெர்மோவுலதான்."

 அவர் பிளாஸ்கைக் கவிழ்த்து, மிச்சத்தையும் என் கோப்பையிலேயே ஊற்றினார்.

14.10. திரும்பும் ரயில். திருச்சியில் எந்த மைதானத்தைக் கடந்தாலும் "அண்ணே, ஒரு ஆள் குறையுது" என்று கூப்பிடுவார்கள். வேலை இருக்கிறது என்று நழுவுவேன். இங்கே பதினொரு ஞாயிறுகள் அறையில் படுத்து, மாடிப்படியில் ஏறும் செருப்புச் சத்தம் என் கதவருகே நிற்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் நிற்கவில்லை. நானும் கதவைத் திறந்ததில்லை.

சென்ட்ராலேயில் இறங்கும்போது மணி பார்த்தேன். பகேரியாவிலிருந்து பன்னிரண்டே நிமிடம்.