வாயசைவில் சொன்ன படங்கள்

என் வாடகைக் கடையில் ஒரு பக்கக் கை உடைந்த பச்சை நாற்காலி ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் லோடு ஏற்றும்போது வேலையாட்கள் அதையும் சேர்த்து வண்டியில் போட்டுவிடுவார்கள். நான் ஓடிப்போய் இறக்கி வைப்பேன். "ஏனுங்க, இதென்ன பரம்பரைச் சொத்துங்களா?" என்று கேட்பார்கள். "எங்க ஊட்டுச் சிம்மாசனமுங்க" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். ஆளைச் சிரிக்க வைத்து அனுப்புவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. மற்றபடி சாமியானா, சேர், மைக் செட் வாடகைக்கு விடுவதற்குத் திறமை எதுவும் தேவையில்லை. மழை வராமல் இருந்தால் போதும்.

அந்த நாற்காலியின் கை உடைந்த வருஷம் மழை வந்தது. சிங்காநல்லூர் பக்கம் மூடிப்போன ஒரு மில்லில், தொழிலாளிகளுக்காகக் கட்டிய பழைய கூடம் மட்டும் மிச்சம் இருந்தது. அங்கே ஒரு திரைப்படச் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் படம் போட ஆரம்பித்தார்கள். ஜப்பான், கொரியா, தைவான், தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ் என்று கிழக்கே இருக்கிற நாடுகளில் இப்போது எடுக்கிற படங்களாகப் பொறுக்கி, மழைக்காலம் முழுவதும் போடுவதாகத் திட்டம். நாற்காலியும் ஸ்பீக்கரும் என்னுடையவை. நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். திரையின் அடியில் ஓடுகிற இங்கிலீஷ் எழுத்து என் கண்ணுக்கு எறும்பு வரிசை. முதல் படத்தில் ஒரு ஜப்பான்காரப் பெரியவர் நூடுல்ஸ் சாப்பிட்டார். சாப்பிட்டார், சாப்பிட்டார், சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். படம்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்து எழுந்துபோய் புரொஜெக்டரை இரண்டு தட்டுத் தட்டினேன். சங்கத்துச் செயலாளர் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அய்யோ, தட்டாதீங்க. அது அப்படித்தாங்க. அவரோட தனிமையைக் காட்டறாங்க."

"தனியா இருந்தா இத்தனை பசிக்குமுங்களா?" என்றேன். நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவில்லை.

இந்தக் கூத்தை அக்காவிடம் போய்ச் சொன்னேன். என் கூடப் பிறந்த ஒரே அக்கா, சோமனூரில் தறி ஓட்டுகிறவள். சிரிப்பாள் என்றுதான் சொன்னேன். அவள் சிரித்து அப்போது பல மாசம் ஆகியிருந்தது. அவளுடைய மகன், என் மாப்பிள்ளை, தறிச் சத்தமே ஆகாது என்று கம்ப்யூட்டர் படித்தவன். தாராபுரத்துப் பக்கத்து ஏஜென்ட் ஒருவன், தாய்லாந்தில் ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லி அனுப்பிவைத்தான். ஏர்போர்ட்டில் நின்று எடுத்த போட்டோ ஒன்று வந்தது. அப்புறம் ஒரு நாள் அவசர அவசரமாக ஒரு போன். தங்களை எல்லையைத் தாண்டி எங்கேயோ கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னான். ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்ட கட்டடமாம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஊர் உலகத்தை ஏமாற்றிக் காசு பிடுங்க வேண்டுமாம், முடியாது என்றால் அடியாம். அதோடு பேச்சு நின்றுபோனது. நானும் அக்காவும் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "பாக்கறோமுங்க" என்றார்கள். ஏஜென்ட் வீட்டில் பூட்டு தொங்கியது. அதையும் போய்ப் பார்த்தோம்.

நான் சொன்னதில் அக்காவின் காதில் விழுந்தது ஒன்றுதான். "தாய்லாந்துப் படமும் போடுவாங்களாடா? அப்ப நானும் வாரேன்."

தறிக்குடோனில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடும். ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளேயே ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். எட்டுத் தறி தள்ளி நின்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தால் போதும், இந்தப் பக்கம் பதில் வந்துவிடும். மாமியாரைத் திட்டுவது உட்பட எல்லா வேலையும் அதிலேயே முடிந்துவிடும். அக்காவோடு சேர்ந்து அது எனக்கும் சின்ன வயசிலேயே பழகிவிட்டது. அது கூடத்தில் கை கொடுத்தது. முதல் நாள், "அவ ஏண்டா அழுவறா?" என்று அக்கா தறிக்குடோன் குரலில் கேட்டதும் மொத்தக் கூடமும் திரும்பி "உஷ்ஷ்" என்றது. அதிலிருந்து அவளுக்கு ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, திரை வெளிச்சம் என் முகத்தில் படுகிற மாதிரி பக்கவாட்டில் நானும் உட்கார்ந்து, வாயை மட்டும் அசைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தேன்.

கதை எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அடித்துவிட்டேன். என் கதையில் கொரியாக்காரர்கள் எல்லோரும் "வாங்க, சாப்டீங்களா" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஒரு படத்தில் ரவுடி ஒருவன் கத்தியை எடுத்தான். "ஏனுங்க, உங்களைக் குத்தறதா இருக்கேனுங்க, சித்தெ நில்லுங்க" என்று அவனைப் பேச வைத்தேன். குத்துப்பட்டவன் விழும்போது, "பரவாயில்லீங்க, உங்களுக்கும் வேலையிருக்குமில்லீங்க" என்றான். அக்காவின் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. நான் நிறுத்தினால் போதும், திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் "அப்பறம்?" என்பாள். உடனே அடுத்த பொய்.

ஆனால் அவள் கதாநாயகனைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று. அவள் பார்த்ததெல்லாம் பின்னால். காதலர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், இவள் அவர்களுக்குப் பின்னால் போகிற பஸ்ஸைப் பார்ப்பாள். சண்டை நடக்கும், இவள் மாடி ஜன்னலைப் பார்ப்பாள். ஒரு நாள் படம் முடிந்து, செயலாளர் வழக்கம்போல, "யாராச்சும் கருத்துச் சொல்லுங்க" என்றார். கண்ணாடி போட்ட ஒருவர் ஒளியைப் பற்றி நிறையப் பேசி உட்கார்ந்தார். அடுத்து அக்கா எழுந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ள மீன் வாங்குச்சுங்களே, அந்த மார்க்கெட்டுக்குப் பொறகால ஒரு கட்டடம் வந்துச்சுங்க. ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டிருந்துச்சு. அது எந்த ஊருங்க? எம்பையன் அந்த மாதிரி ஒண்ணுலதானுங்க இருக்கறான்."

எல்லோரும் போன பிறகு செயலாளர் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டி, நிறுத்திக் காட்டினார். அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கட்டடம் அவள் சேலை மேலேயும் விழுந்தது. ஜன்னலில் துணி காய்ந்தது, ஒரு பூந்தொட்டி இருந்தது.

"இது மணிலாங்க அம்மா. சும்மா குடியிருக்கற ஊடுங்க," என்றார் செயலாளர்.

"தாய்லாந்துக்குப் பக்கமுங்களா?"

"இல்லீங்க. நடுவுல கடலுங்க."

"அப்படீங்களா," என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள்.

கடைசியாகப் போட்டது மீன்பிடிக் கப்பலில் கொத்தடிமை மாதிரி மாட்டிக்கொண்ட ஒரு இளைஞனைப் பற்றிய படம். எந்த நாட்டுப் படம், என்ன கதை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அக்காவை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டேன். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறது. கொட்டுகிற மழை. யாரிடமோ செல்போனைக் கெஞ்சி வாங்கி, ஒரு தகரக் கூரைக்குக் கீழே நின்று பேசுகிறான். முகம் மட்டும் திரை முழுக்க. கூரையில் மழை விழுகிற சத்தத்தில் குரலே கேட்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "என்னடா சொல்றான்?" என்றாள், சத்தமில்லாமல்.

ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன் நான். எழவு வீட்டிலேயே நாலு பேரைச் சிரிக்க வைத்தவன். அன்றைக்கு அந்தப் பையன் முகத்துக்குப் போட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், "சாப்டேங்கறானுங்கக்கா" என்று உதட்டை அசைத்தேன். அவள் என்னை நம்பாமல் திரையைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள், தறிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் வாயைப் பார்க்கிற மாதிரி.

"அம்மான்னுதாண்டா சொல்றான். பாரு, உதடு ஒட்டுது பாரு."

இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள். யாரும் "உஷ்ஷ்" சொல்லவில்லை. அப்போதுதான் 'படக்' என்று ஒரு சத்தம். நாற்காலியின் கை உடைந்து அவள் பிடிக்குள் வந்திருந்தது. படம் முடியும் வரைக்கும் அதை விடவில்லை.

சாமான்களை ஏற்றும்போது செயலாளரைத் தனியாகக் கேட்டேன், அந்தப் பையன் போனில் என்னதான் சொன்னான் என்று. "அந்த இடத்துல எழுத்தே போடலைங்க. என்ன பேசறான்னு பாக்கறவங்க யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க," என்றார். அப்படியானால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்த இரண்டு நிமிஷம் அஞ்சாவது ஃபெயில்தான். எப்போதும் போல் இதையும் சொல்லிச் சிரிக்கலாம் என்று வண்டியில் ஏறினேன். அக்கா உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போயி உட்டவளே நாந்தாண்டா. உனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நீ சொல்லோணும், கண்ணு. யாராச்சும் சொல்லீட்டே இருக்கோணும்," என்றாள்.

மாப்பிள்ளை வந்துவிட்டான். அரசாங்கம் மீட்டுக் கொண்டுவந்த ஆட்களோடு ஒருவனாக, ஒரு காலையில் கோயமுத்தூரில் வந்து இறங்கினான். அக்கா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். முடிந்தது என்றுதான் நினைத்தோம். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று இப்போது என் கடையில் வந்து உட்கார்கிறான். புது நாற்காலி எத்தனையோ அடுக்கியிருக்கிறது. அவனாகத் தேடிப்போய் உட்கார்வது அந்தக் கை உடைந்ததில்தான். போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். நான் எடுத்துவிடுகிற ஜோக்குகளுக்கு மரியாதைக்குக்கூடச் சிரிப்பதில்லை. அங்கே என்ன நடந்தது என்று ஒரு முறை கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க மாமா" என்றான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அக்கா தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து அவன் காலடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் உதட்டையே பார்த்தாள். அது அசையவில்லை. அவன் தலைக்கு மேலாக, பின்னால் நின்ற என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் கேட்டாள்: "என்னடா சொல்றான்?"

"சாப்டேங்கறானுங்கக்கா," என்று வாயை அசைத்தேன்.

போசியின் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் என் வாயைப் பார்த்தாள்.

"அப்பறம்?"