நான்கு-மூன்றா, மூன்று-நான்கா

ஜெர்மனியின் கார்ஹிங்கில் படித்த காலத்தில் அமெரிக்கக் கால்பந்தின் மேல் எனக்கு எந்த மரியாதையும் இருந்ததில்லை. ஐந்து விநாடி மோதிக்கொள்வார்கள். பிறகு அரை நிமிடம் கூடி நின்று ஏதோ போர் நடத்துவதுபோல் ஆலோசனை செய்வார்கள். ஆனாலும் இரண்டாம் செமஸ்டர் முழுக்க அதைத்தான் பார்த்தேன்.

ஆய்வகப் பாடத்தில் ஒரு மாணவர் அணியின் வீடியோக்களைக் கொடுத்திருந்தார்கள். அந்த அணி இரண்டு விதமாகத் தடுப்பு நின்றது. எந்த விதத்தில் நின்றபோது பந்தோடு ஓடும் எதிரணியின் ஓட்டம் நன்றாகத் தடைபட்டது என்று மாணவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்பவருக்குப் பேராசிரியரிடம் ஆய்வேடு எழுத இடம். எனக்கு அந்த இடம் வேண்டும்.

விஷயம் எளிது. முன்வரிசையில் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பவர்கள் நான்கு பேர், பின்னால் நிமிர்ந்து நிற்பவர்கள் மூன்று பேர் என்றால் அது நான்கு-மூன்று. முன்னால் மூன்று, பின்னால் நான்கு என்றால் மூன்று-நான்கு. இதற்குத்தான் அவ்வளவு ஆலோசனை.

என் ஜோடி ஒரு சென்னைக்காரன். அவன் வீட்டில் எல்லோரும் பொறியாளர்கள். முதல் நாளே ஒரு சிடியோடு வந்தான்.

"சீனியர் போன வருஷம் பண்ண ரிப்போர்ட். பேரை மட்டும் மாத்தினா போதும்."

"வீடியோ பாக்க வேணாமா?"

"அதான் அவர் பாத்துட்டாரே. அதே வீடியோதான். மூணு-நாலுதான் பெஸ்ட்டுன்னு போட்டிருக்காரு. நீ ஏம்மா உடம்பைக் கெடுத்துக்கற?"

சீனியரின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதியே பட்டம் வாங்கியவர்கள் அங்கே படிக்க வந்திருந்த நம்மவர்கள். ஊறுகாய்ப் பாட்டிலோடு அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றியிருந்தார்கள். என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குக் கொடுக்க யாரிடமும் ஒரு நோட்டும் இருந்ததில்லை. அதனால் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன்.

மூன்றாவது வாரம் சீனியரின் லட்சணம் தெரிந்தது. அவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. அணியின் பெயர்ப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். ஐம்பத்திரண்டாம் எண்காரன் பட்டியலில் பின்வரிசை ஆள். அவன் களத்தில் இருந்தபோதெல்லாம் மூன்று-நான்கு என்று எழுதிவிட்டார். ஆனால் ஓட்டம் நன்றாகத் தடைபட்ட பெரும்பாலான சமயங்களில் அவன் முன்வரிசைக்கு வந்து கையை ஊன்றியிருந்தான். முன்னால் நான்கு கைகள். எண்ணத் தெரிந்தால் அது நான்கு-மூன்று.

உண்மையான மூன்று-நான்கில் நடுவில் ஒரு மலை மாதிரி ஆள் வேண்டும். இரண்டு பேரை அவன் ஒருவனே தாங்க வேண்டும். இந்த அணியின் நடுவில் நின்றவன் ஒடிசலானவன். ஒவ்வொரு முறையும் அவன் மல்லாந்து விழ, எதிரணி அவனைத் தாண்டி ஓடியது.

ஜோடியிடம் சொன்னேன். அவன் சாண்ட்விச்சை மென்றபடியே கேட்டான்.

"சரி விடு. என் பேரைப் போட்டுட்டல்ல?"

"எந்த நம்பர்காரன் கையை ஊனினான்? சொல்லு, போடறேன்."

"பெரிய இவ. ஒரு வீடியோ பாத்துட்டா கோச் ஆயிடுவியா?"

"நீ ஒண்ணுகூடப் பாக்கலையே."

அவன் சிடியில் இருந்ததைத் தன் பெயரில் தனியாகக் கொடுத்தான். விளக்கம் சொல்லும் நாளில் அணியின் பயிற்சியாளரும் வந்திருந்தார். மூன்று-நான்கே சிறந்தது என்று இவன் திரையைப் பார்த்து வாசித்து முடித்ததும் அவர் ஆங்கிலத்தில் ஒரே கேள்வி கேட்டார்: "நடுவில் நிற்பது யார்?"

இவன் பட்டியலைப் புரட்டினான். அவர் சிரித்துவிட்டார். அடுத்து நான் போய் ஐம்பத்திரண்டாம் எண்காரனின் கையை, ஒவ்வொரு ஆட்டமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். பயிற்சியாளர் தலையாட்டினார். ஆனாலும் அடுத்த வசந்தத்தில் அணியை மூன்று-நான்கிலேயே ஆடவைத்துத் தோற்றார். தொலைக்காட்சியில் அமெரிக்க அணி ஒன்று அப்படி நின்றதாம். அவருக்கும் எங்கோ ஒரு சீனியர் இருந்திருக்கிறார்.

ஆய்வேட்டு இடம் எனக்குக் கிடைத்தது. அவன் பாடத்தைத் திரும்ப எடுத்தான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு நம்மவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. யூ-பான் சுரங்க ரயிலில் பார்த்தபோது அவர்களில் ஒருத்தி மட்டும் கேட்டாள்.

"பாவம்டி அவன். ஒரு பேரைச் சேத்திருந்தா உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

"ஒண்ணும் குறைஞ்சிருக்காது," என்றேன். "ஆனா அவன் பாக்கல."

அவள் அடுத்த நிறுத்தத்தில் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டாள்.